பாதிப் படம் மட்டும் காட்டும் சல்யூட் அட்டைகள்: ஒரு டிரில் உஸ்தாதின் மதிப்புரை

பேத்திக்கு ஒன்பது வயது நிறைந்தபோது, படைகளின் சல்யூட் முறைகளை விளக்கும் அட்டைப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். உள்ளே 48 அட்டைகள், ஓர் ஆள் உயரச் சுவர்ப்படம், 16 பக்கக் கையேடு. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்று பெட்டியின் மேல் போட்டிருக்கிறது. இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். இந்தியத் தரைப்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். அதில் ஏழு ஆண்டுகள் பயிற்சி மையத்தின் பரேடு மைதானத்தில், அணிவகுப்புப் பயிற்சி தரும் டிரில் உஸ்தாதாக நின்றிருக்கிறேன். புதிதாகப் படையில் சேர்ந்த நூற்றுக்கணக்கான ரெக்ரூட்டுகளின் முதல் சல்யூட்டை எதிரில் நின்று பார்த்தவன்.

தயாரித்தவர்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அட்டை எண்களைக் குறிப்பிட்டு அவர்களுக்கு நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் திருத்த அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். இந்தப் பெட்டியில் உள்ள பிழைகள் அவர்களுக்கு மட்டும் உரியவையும் அல்ல. நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் கல்யாண வீட்டுப் பேச்சிலும் நான் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் அதே பிழைகள்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். தாள் கனமானது; முனைகள் மழுங்க வெட்டப்பட்டிருப்பதால் குழந்தையின் கையைக் கிழிக்காது. ஓவியர் சீருடைகளைக் கவனித்து வரைந்திருக்கிறார். பெல்ட்டின் பித்தளைப் பூட்டு நடுவில் இருக்கிறது, பூட்ஸ் லேஸ் ஒழுங்காக இருக்கிறது. எல்லாவற்றையும்விட, நமது முப்படைகளின் மூன்று அட்டைகளை மனமாரப் பாராட்டுகிறேன். தரைப்படை வீரரின் உள்ளங்கை எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி முன்னோக்கித் திறந்திருக்கிறது. கடற்படை மாலுமியின் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கிறது. எதிரில் இருப்பவர் அதைப் பார்க்க முடியாது. விமானப்படை வீரரின் கை இரண்டுக்கும் இடையில் 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. விமானப்படை முன்பு தரைப்படையைப் போலவே சல்யூட் செய்துவந்து, 2006 மார்ச்சில்தான் இந்த முறைக்கு மாறியது என்ற செய்தியையும் அட்டையின் பின்புறத்தில் சரியாகப் போட்டிருக்கிறார்கள். "விமானம் ஓடுபாதையை விட்டு மேலே ஏறுகிற மாதிரி இருக்கிறது தாத்தா" என்றாள் பேத்தி. அவளாகவே சொன்னது அது.

தரைப்படை அட்டையை அவள் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தாள். முழங்கை தோளுக்கு நேராக உயர்ந்தது, மணிக்கட்டு மடங்கவில்லை, எல்லாம் சரி. கட்டைவிரல் மட்டும் தனியாக எட்டிப் பார்த்தது. ரெக்ரூட்டுகளில் பாதிப் பேருக்கு முதல் வாரம் இதே தொல்லைதான். காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து, அவளுடைய கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் செருகினேன். "இந்தத் தாள் கீழே விழாமல் கையை உயர்த்து" என்றேன். ஆறாவது முறை தாள் விழவில்லை. ஆட்காட்டி விரலின் நுனி வலது கண்ணுக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். கை போகும்போது பக்கவாட்டில் விரிந்து நீண்ட வழியில் போக வேண்டும். இறங்கும்போது உடலையொட்டிக் குறுகிய வழியில் இறங்க வேண்டும். அட்டையில் இந்த ஏற்ற இறக்கம் அம்புக்குறியோடு இருக்கிறது. வரைந்தவர் யாரோ ஒரு நல்ல உஸ்தாதிடம் கேட்டுத்தான் வரைந்திருக்கிறார்.

எழுதியவர் அப்படிக் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதல் அட்டையே இப்படித் தொடங்குகிறது: "சல்யூட் என்பது மேலதிகாரிக்கு அடிபணிவதன் அடையாளம்." இந்த ஒரு வரிக்காகவே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று அன்று இரவு யோசித்தேன். தமிழில் ஏற்கெனவே "சலாம் போட்டுப் பிழைக்கிறவன்" என்று ஒரு வசை உண்டு. சலாம் என்ற சொல்லுக்குச் சாந்தி, சமாதானம் என்று பொருள். சல்யூட் என்ற சொல்லின் லத்தீன் வேரோ நலம் வேண்டுவதைக் குறிப்பது. இரண்டு நல்ல வாழ்த்துச் சொற்களையும் நாம் அடிமைத்தனத்தின் பெயர்களாக்கி வைத்திருக்கிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை முதன்முதலில் படிக்கும் அட்டையிலும் அதே பொருளை அச்சிட்டால், அவள் இனி எந்தச் சிப்பாயைப் பார்த்தாலும் பணிந்து நிற்கும் ஆளாகத்தானே பார்ப்பாள்?

சல்யூட் என்பது ஒருவர் செய்து முடிக்கும் செயல் அன்று. இளையவர் தொடங்குகிறார், மூத்தவர் திருப்பிச் செய்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் அது ஒரு சல்யூட். திருப்பிச் செய்வது அதிகாரியின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது அவருடைய கடமை. ஜெனரலாக இருந்தாலும் ஒரு சிப்பாயின் சல்யூட்டைப் பார்த்தால் கையை உயர்த்தியாக வேண்டும். சிப்பாய் "ஜெய் ஹிந்த்" என்றால் அவரும் "ஜெய் ஹிந்த்" என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கிறார்கள், ஒரே வாழ்த்தைச் சொல்கிறார்கள். குனிவது எங்கே இருக்கிறது இதில்?

பெட்டியில் உள்ள 48 அட்டைகளையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே ஓர் ஆள்தான் நிற்கிறார். எதிரில் யாரும் இல்லை. சல்யூட்டை ஏற்றுத் திருப்பிச் செய்யும் அதிகாரியின் படம் ஓர் அட்டையில்கூட இல்லை. பேத்தியும் அதைக் கவனித்தாள். "இவர் யாருக்கு சல்யூட் வைக்கிறார்?" என்று கேட்டாள். என் கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் அவளுடைய இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

ஒன்பதாம் அட்டை இன்னொரு குழப்பத்தைச் செய்கிறது. "வயதில் இளையவர் மூத்தவருக்கு சல்யூட் செய்ய வேண்டும்" என்கிறது. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருபத்தெட்டு ஆண்டு சேவை முடித்து மீசை நரைத்த சுபேதார் மேஜர், அகாடமியிலிருந்து நேற்று வந்து இறங்கிய 22 வயது லெப்டினன்ட்டுக்கு சல்யூட் செய்வார். லெப்டினன்ட் அதைத் திருப்பிச் செய்துவிட்டு, அவரை "சாப்" என்று மரியாதையாக அழைப்பார். சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போய்க் கேட்பார். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு, மகன் வயதுப் பையனுக்கு இவர் கை உயர்த்துகிறாரே என்று மனம் வலிக்கும். என் அப்பாவுக்கே வலித்தது. அந்தக் கை அந்தப் பையனுக்காக உயர்வதில்லை. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டு அவனுக்குக் கொடுத்த கமிஷனுக்காக, அதாவது அதிகாரி என்ற நியமனத்துக்காக, உயர்கிறது. அந்தப் பையன் நாளை தவறு செய்து கமிஷனை இழந்தால் அந்தக் கை உயராது.

சிப்பாய்க்கு மேற்பட்ட பதவிகளான நாயக்கும் ஹவில்தாரும் சல்யூட்டை ஏற்பதாகவும் இதே அட்டையில் எழுதியிருக்கிறார்கள். நமது தரைப்படையில் சிப்பாய்கள் தங்கள் நாயக்குக்கோ ஹவில்தாருக்கோ சல்யூட் செய்வதில்லை. நாயப் சுபேதாரில் தொடங்கும், ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கும் அவர்களுக்கு மேலே உள்ள அதிகாரிகளுக்கும்தான் செய்வார்கள். ஏழு ஆண்டுகள் சல்யூட் கற்றுக்கொடுத்த எனக்கு என் ரெக்ரூட்டுகளிடமிருந்து சல்யூட் பெறும் உரிமை கிடையாது. அவர்கள் என்னை "உஸ்தாத்" என்று அழைத்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது தொப்பிக்கு வருகிறேன். பெட்டியில் மிகப் பெரிய பிழை இங்கேதான் இருக்கிறது, நம் மக்களிடம் மிகப் பரவலான பிழையும் இதுதான்.

இருபத்திரண்டாம் அட்டையில் ஒரு தரைப்படை வீரர் வெறுந்தலையோடு சல்யூட் செய்கிறார். அடியில் "ஓய்வு நேரத்தில்" என்று போட்டிருக்கிறார்கள். நமது படையில் தலையில் தொப்பியோ, பெரே என்ற மென்துணித் தொப்பியோ, தலைப்பாகையோ இல்லாவிட்டால் கை சல்யூட் கிடையாது. சாவ்தான் (அட்டென்ஷன்) நிலையில் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, "ஜெய் ஹிந்த்" என்று சொல்வதுதான் முறை.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாயங்கால நேரம். பி.டி. உடையில், வெறுந்தலையோடு, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் தங்கியிருந்த பாரக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் எங்கள் கம்பெனியின் கேப்டன் சைக்கிளில் வந்தார். பயத்தில் இரண்டு வாளிகளையும் கீழே போட்டுவிட்டு சல்யூட் அடித்தேன். தண்ணீர் முழுவதும் செம்மண்ணில் ஓடியது. அவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். அடி விழப் போகிறது என்று நினைத்தேன். "தலையில் தொப்பி இல்லை, அதனால் சல்யூட் இல்லை. இரண்டு கையிலும் சுமை இருக்கிறது, அதனாலும் இல்லை. நிமிர்ந்து நில், முகத்தை என் பக்கம் திருப்பு, ஜெய் ஹிந்த் சொல். அவ்வளவு போதும்" என்றார். பிறகு என் வாளிகளில் ஒன்றை அவரே எடுத்து நிமிர்த்தி வைத்தார். "இப்போது தூக்கிக்கொண்டு மறுபடியும் வா" என்றார். நான் காலி வாளிகளோடு பத்தடி பின்னால் போய்த் திரும்பி நடந்து வந்து, முகத்தைத் திருப்பி, "ஜெய் ஹிந்த் சாப்" என்றேன். அவர் தலையில் பெரே இருந்தது. சாவ்தானில் நின்று எனக்கு முழு சல்யூட் திருப்பிச் செய்தார். பத்தொன்பது வயதில், சேற்றுக் காலோடு நின்ற எனக்கு. அட்டையில் அடிபணிதல் என்று எழுதியவரை அன்று என் பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

தொப்பிக்கும் சல்யூட்டுக்கும் ஏன் இத்தனை நெருக்கம் என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. கையேடு அதை விட்டுவிட்டு, இரும்புக் கவசம் அணிந்த ஐரோப்பிய வீரர்கள் முகமூடியைக் கையால் உயர்த்தி முகம் காட்டியதிலிருந்துதான் சல்யூட் பிறந்தது என்று அடித்துச் சொல்கிறது. அது அழகான கதை. ஆனால் அந்தக் காலத்திலிருந்து இன்றைய சல்யூட் வரை தொடர்ந்து வரும் சான்று எதுவும் கிடையாது. சான்று உள்ளது தொப்பிக்குத்தான். பழைய பிரிட்டிஷ் படைவீரர்கள் அதிகாரியைக் கண்டால் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள். 1745இல் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படையில், இனித் தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்த் தலைதாழ்த்திக் கடந்தால் போதும் என்று கட்டளை வந்தது. கழற்றும் செயல் சுருங்கித் தொடும் செயல் ஆனது. பிறகு தொடுவதும் சுருங்கி, கை தொப்பியின் விளிம்போடு நின்றுவிட்டது. இதைத் தெரிந்துகொண்டால் வெறுந்தலைக்கு ஏன் சல்யூட் இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும். கடற்படையின் கீழ்நோக்கிய கைக்கும் ஒரு கதை உண்டு. பாய்மரக் கப்பல்களில் கயிறு இழுத்துத் தார் படிந்த உள்ளங்கையை அதிகாரிக்குக் காட்டக்கூடாது என்று மறைத்தார்கள் என்பார்கள். அதை வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம் என்று எழுதியிருந்தால் போதும். கையேடு அதையும் உறுதியான வரலாறாக எழுதிவிட்டது.

நாட்டுக்கு நாடு இது மாறும் என்பதையும் அட்டைகள் பாதிதான் காட்டுகின்றன. போலந்து அட்டை அருமை. அங்கே ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் நீட்டி சல்யூட் செய்வார்கள். அதுவும் கழுகுச் சின்னம் பொறித்த தொப்பி தலையில் இருந்தால்தான். அமெரிக்க அட்டையில்தான் குழப்பம். அங்கே தரைப்படையினர் கட்டடத்துக்குள் அதிகாரியிடம் அறிக்கை கொடுக்கும்போது வெறுந்தலையோடும் சல்யூட் செய்வார்கள். அவர்களுடைய கடற்படையும் மரைன் படையும் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு வழக்கம். அட்டையோ "அமெரிக்க வீரர்" என்று ஒரே படத்தோடு முடித்துக்கொண்டது. இருபத்திரண்டாம் அட்டையின் பிழைகூட அமெரிக்கப் படம் ஒன்றைப் பார்த்து நம் சீருடையை மாட்டிவிட்டதால் வந்திருக்கலாம்.

இந்தத் தொப்பி, சீருடை விஷயம் தெரியாததால் நம் நாட்டில் ஒரு பெரிய மனிதர் அவமானப்பட வேண்டியிருந்தது. 2015 குடியரசு நாள் விழாவில், கொடி ஏற்றப்பட்டபோது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஹமீத் அன்சாரி கையை உயர்த்தாமல் நின்ற படம் சமூக ஊடகங்களில் பரவியது. குடியரசுத் தலைவரும் பிரதமரும் சல்யூட் செய்யும்போது இவர் மட்டும் ஏன் செய்யவில்லை என்று நாட்டுப்பற்றையே சந்தேகித்துப் பேசினார்கள். அன்று விருந்தினராக வந்த ஒபாமாவும் கையை உயர்த்தாமல்தான் நின்றார். முறைப்படி, கொடி ஏறும்போது சீருடையில் இருப்பவர்களும் மரியாதையை ஏற்கும் முதன்மைப் பிரமுகரும் சல்யூட் செய்ய வேண்டும். சாதாரண உடையில் உள்ள மற்றவர்கள் கொடியை நோக்கி நிமிர்ந்து நின்றால் போதும். அவருடைய அலுவலகம் இதை எடுத்துச் சொல்லி விளக்கம் தர வேண்டி வந்தது. அவர் செய்தது சரி. அந்த வாரம் என் உறவினர்கள் இரண்டு பேரிடம் தொலைபேசியில் இதை விளக்கித் தொண்டை வறண்டது. கையை உயர்த்தினால்தான் மரியாதை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அசையாமல் நிமிர்ந்து நிற்பதும் முழு மரியாதைதான்.

"அப்படியானால் பள்ளியில் நாங்கள் தொப்பியில்லாமல் கொடிக்கு சல்யூட் செய்வது தவறா தாத்தா?" என்று பேத்தி முகம் வாடிக் கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். பள்ளிகளுக்குத் தனி முறை இருக்கிறது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. மாணவர்கள் மைதானத்தின் மூன்று பக்கமும் வரிசையாக நிற்க வேண்டும், நான்காவது பக்கம் கொடிக்கம்பம். வகுப்புத் தலைவர்கள் பள்ளி மாணவர் தலைவருக்கு சல்யூட் செய்வார்கள்.  மாணவர் தலைவர் தலைமையாசிரியருக்குச் செய்வார். தலைமையாசிரியர் அதைத் திருப்பிச் செய்வார். பிறகு கொடி ஏறும், எல்லோரும் கொடிக்கு சல்யூட் செய்வார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிய முறையில்கூடத் தலைமையாசிரியர் "திருப்பிச் செய்வார்" என்று இருப்பதைக் கவனியுங்கள். இதே தொகுப்பு, பிரமுகர் ஒருவர் தலையணி இல்லாமலும் மரியாதையை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே தலைவர்கள் வெறுந்தலையோடு கை உயர்த்தினால் அதையும் பிழை என்று கிளம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கான பெட்டியில் பிள்ளைகளுக்கான இந்த முறை ஒரு வரிகூட இல்லை என்பதுதான் பெரிய குறை.

சுவர்ப்படம் அச்சில் மிக அழகு. நடுவில் பீரங்கி வரிசை, அதைச் சுற்றிப் புகை. ஆனால் அடியில் "வீரமரணம் அடைந்த வீரர்களுக்கு 21 பீரங்கிக் குண்டு மரியாதை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் சுவரில் மாட்ட விடவில்லை.

பீரங்கி மரியாதையும் அடக்கத்தின்போது துப்பாக்கி முழங்குவதும் வேறு வேறு. 21 குண்டு மரியாதை பீரங்கியால் தருவது. நாட்டுக்கும் நாட்டுத் தலைவருக்கும் உரியது. குடியரசு நாளில் தேசிய கீதம் பாடப்படும் 52 விநாடிகளுக்குள் அடங்கும்படி கணக்கிட்டுச் சுடுவார்கள். நெடுங்காலம் பழைய 25 பவுண்டர் பீரங்கிகள் அந்த வேலையைச் செய்தன; 2023 குடியரசு நாளிலிருந்து உள்நாட்டில் செய்த 105 மி.மீ. பீரங்கிகள் செய்கின்றன. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தக் குண்டுக் கணக்கே சமஸ்தானங்களின் தகுதியை அளக்கும் கோலாக இருந்தது. பேரரசருக்கு 101, வைஸ்ராய்க்கு 31, ஐதராபாத், மைசூர், பரோடா, குவாலியர், காஷ்மீர் ஆகிய ஐந்து மன்னர்களுக்கு 21, திருவிதாங்கூருக்கு 19. இரண்டு குண்டு கூடுதலாகக் கிடைக்க மன்னர்கள் ஏங்கிய காலம் அது.

ஒரு சிப்பாயின் உடல் அடக்கம் செய்யப்படும்போது பீரங்கி வராது. தோழர்கள் சிலர் வரிசையாக நின்று, துப்பாக்கியை வானை நோக்கி உயர்த்தி, மூன்று முறை சுடுவார்கள். எண்ண வேண்டியது அந்த மூன்றைத்தான். எத்தனை தோட்டா என்பது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளைப் பற்றி "72 குண்டுகள் முழங்க" என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 24 காவலர்கள் மூன்று முறை சுட்டால் 72. ஏழு பேர் நின்று மூன்று முறை சுட்டால் 21 வரும். அதைப் பார்த்து அதையும் 21 குண்டு மரியாதை என்று எழுதிவிடுகிறார்கள். நான் அந்த வரிசையில் நான்கு முறை நின்றிருக்கிறேன். மூன்றாவது சுற்று முடிந்ததும் ஒரு அமைதி வரும். பிறகு பியூகிள் என்ற ஊதுகொம்பில், இறந்தவருக்கு விடைதரும் லாஸ்ட் போஸ்ட் இசை ஒலிக்கும். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு தாயின் அழுகை, மூன்று சுற்றும் முடியும் வரை நின்று, பியூகிளின் முதல் சுரத்தில் மறுபடியும் தொடங்கியது. எண்ணிக்கையில் பிழை செய்யும் செய்தியைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் நினைவுதான் வருகிறது. அவர் மகனுக்குக் கிடைத்தது மூன்று சுற்று. தோழர்கள் தங்கள் கையால் சுட்டது. அதை அதன் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

கையேட்டில் உள்ள வினாடி வினாவில் பாதிக்கு மேல் சரி. போர்முனையில் சல்யூட் தவிர்க்கப்படும், ஏனென்றால் யார் அதிகாரி என்று எதிரியின் குறிபார்ப்பவனுக்கு அது காட்டிக்கொடுத்துவிடும் என்ற விடை சரி. அணிவகுப்பில் "தாஹினே தேக்" (வலப்புறம் பார்) என்றதும் எல்லோரும் தலையைத் திருப்ப, முன்னால் செல்லும் தளபதி மட்டும் சல்யூட் செய்வார் என்பதும் சரி. பார்வையாளர்கள் பலர் மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஆகவே இது நல்ல கேள்வி. அமெரிக்க அதிபர்கள் எல்லோரும் தொடக்கம் முதலே வீரர்களுக்கு சல்யூட் திருப்பிச் செய்துவந்தார்கள் என்ற விடை தவறு. அதை வழக்கமாக்கியவர் 1981இல் பதவியேற்ற ரீகன். அவருக்கு முன்பு, ஐந்து நட்சத்திர ஜெனரலாக இருந்த ஐசனோவர்கூட அதிபரான பின் அந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றவர் சாதாரண உடையில் கொடிக்கு சல்யூட் செய்யலாமா என்ற கேள்விக்கு ஒரே விடை கொடுத்திருக்கிறார்கள். அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2008இல் சட்டம் திருத்தி அந்த உரிமையைக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் 1923 வரை இடது கையாலும் சல்யூட் செய்யலாம் என்ற சுவையான செய்தியைச் சேர்த்திருந்தால் பிள்ளைகள் ரசித்திருப்பார்கள்.

பெட்டிக்கு வெளியே ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில் நிற்கும் காவலாளிகளில் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். கார் உள்ளே வரும்போது அவர்கள் கை நெற்றிக்குப் போகும். அது பழகிய கை. காருக்குள் இருப்பவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். நீங்கள் சீருடையில் இல்லை, திருப்பி சல்யூட் செய்ய வேண்டியதில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை அசைத்து ஒரு வணக்கம் சொல்லுங்கள். ரயிலில் ஒரு வீரரைப் பார்த்து சல்யூட் அடிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும், அவருக்கு மனம் நிறையும்.

வாங்கலாமா என்று கேட்டால், நிபந்தனையோடு வாங்கலாம் என்பேன். படங்களுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், எழுத்துக்கு இரண்டு. பிள்ளையோடு உட்கார்ந்து விளக்க ஒரு பெரியவர் இருந்தால் இதைவிட நல்ல விளையாட்டுப் பொருள் கிடைப்பது அரிது. தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். 1, 9, 22 ஆகிய மூன்று அட்டைகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள். சுவர்ப்படத்தின் கடைசி வரியின் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டு மாட்டலாம். நாங்களும் கடைசியில் அப்படித்தான் செய்தோம். அந்தத் தாளில் "மூன்று சுற்று, துப்பாக்கி" என்று பேத்தியே எழுதினாள்.

தயாரித்தவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. கடிதத்தோடு ஒரு படத்தையும் அனுப்பியிருக்கிறேன். பேத்தி வரைந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள், இருவர் தலையிலும் பெரே, இருவர் கையும் நெற்றியில். கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. 49ஆம் அட்டையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அடியில் எழுதியிருக்கிறேன்.